சலுகை வேண்டாம், சட்டம் வேண்டும்!

  

எங்கள் பள்ளிவாசலுக்கு வெள்ளையடிக்க மூன்று பேர் வந்திருந்தார்கள். அஸர் தொழுகை முடிந்து வெளியே வந்தேன். ஏணிக்குக் கீழே உட்கார்ந்து டீ குடித்துக் கொண்டிருந்த ஓர் இளைஞர் எழுந்து நின்றார். முப்பது வயது இருக்கும். அடி அண்ணாமலை முகாமைச் சேர்ந்தவர். அங்கேயே பிறந்தவர்.

"ஹஜ்ரத், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே? குடியுரிமைச் சட்டத்துக்கு எதிரா நீங்க எல்லாரும் ரோட்ல உக்காந்தீங்க. நானும் ஓரமா நின்னு உங்க பேச்சக் கேட்டேன். அந்தச் சட்டத்துல எங்க பேரும்தான் இல்ல. அதுக்கப்புறம் உங்கள்ல யாராச்சும் எங்க முகாம் பக்கம் வந்தீங்களா?"

நான் என்ன பதில் சொல்வது? மேடையில் ஈழத்தமிழரைப் பற்றி ஒரு வரி சொன்னது நினைவிருக்கிறது. அந்த வரிக்குக் கைதட்டலும் கிடைத்தது. ஆனால் பஸ் ஏறினால் கால் மணி நேரத்தில் போய்விடக் கூடிய அந்த முகாமுக்குள் நான் ஒரு நாளும் கால் வைத்ததில்லை. அஸ்ஸாமைப் பற்றி நாற்பது நிமிடம் பேசத் தெரிந்த எனக்கு, மலைக்குப் பின்னால் இருப்பவர்களைப் பற்றி நாலு நிமிடம் பேசச் சரக்கு இல்லை.

வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன். என்னைப் போலவே நீங்களும் இருப்பீர்கள் என்பதால், உங்களையும் சேர்த்தே கேட்கிறேன்.

சத்திரம் அல்ல என்றார்கள்

நமது ஊர் சத்திரங்களின் ஊர். பௌர்ணமிக்குப் பௌர்ணமி லட்சக்கணக்கான மக்கள் மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கிறார்கள். எந்த ஜாதி, எந்த மாநிலம் என்று கேட்காமல் வழியெங்கும் சோறு போடுகிறார்கள். நம் கடைகளில் பாதி அந்தக் கூட்டத்தை நம்பித்தான் நடக்கிறது. வந்தவனுக்குத் திண்ணை கொடுப்பது இந்த மண்ணில் எவரும் சொல்லிக் கொடுத்து வந்த பழக்கம் அல்ல.

2025 மே 19ஆம் நாள் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கு வந்தது. ஓர் இலங்கைத் தமிழர், தண்டனைக் காலம் முடிந்த பின்னும் முகாமில் அடைக்கப்பட்டிருந்தவர், 'என்னைத் திருப்பி அனுப்பினால் என் உயிருக்கு ஆபத்து' என்று முறையிட்டார். 140 கோடி மக்களோடு நாமே திண்டாடுகிறோம், உலகெங்குமிருந்து வருகிற அகதிகளுக்கெல்லாம் இடம் கொடுக்க இது தர்மசத்திரம் அல்ல என்ற பொருளில் நீதிபதிகள் சொன்னார்கள். மனு தள்ளுபடி ஆனது.

நீதிமன்றத்தை நாம் மதிக்கிறோம். அந்த மனிதரின் வழக்கில் எது சரி, எது தவறு என்று இங்கே தீர்ப்பு எழுதவும் வரவில்லை. நாம் கேட்பது வேறு. சத்திரம் அல்ல என்கிறார்கள், சரி. சத்திரத்தில் இடம் கிடைப்பது மணியக்காரரின் மனதைப் பொறுத்தது. அவர் சிரித்தால் பாய் கிடைக்கும், முறைத்தால் கதவு சாத்தப்படும். இந்த நாட்டில் அகதியின் நிலை இன்றைக்கு அதுதானே? சத்திரமாக இருக்கக் கூடாது என்றால், எவரை ஏற்பது, எவரைத் திருப்புவது என்று எழுதி வைத்த சட்டம் எங்கே?

யார் வெளிநாட்டவர்?

ஆசிரமத்துப் பக்கம் போனால் ஜெர்மனியிலிருந்தும் பிரான்சிலிருந்தும் வந்தவர்களைப் பார்க்கலாம். மாதக்கணக்கில் வீடு எடுத்துத் தங்குகிறார்கள். நாமும் 'வாங்க சாமி' என்று சிரித்து வியாபாரம் செய்கிறோம். தவறில்லை, அவர்கள் விசா வாங்கி வந்த விருந்தாளிகள்.

அடி அண்ணாமலை முகாமில் பிறந்த அந்தத் தம்பியும் சட்டத்தின் கண்ணில் வெளிநாட்டவர்தான். அவர் பார்த்த ஒரே மலை இந்த மலை. பேசுவது நம் ஊர்த் தமிழ். படித்தது நம் அரசுப் பள்ளியில். இலங்கையைக் கண்ணால் கண்டதில்லை. ஆனாலும் அவரிடம் பாஸ்போர்ட் இல்லை, ஓட்டு இல்லை. முகாமில் தணிக்கை நாளென்றால் வேலையை விட்டுவிட்டு நேரில் போய்க் கையெழுத்துப் போட வேண்டும். 'கியூ' பிரிவு போலீசாரின் கண் எப்போதும் அவர்மேல் இருக்கும்.

ஏன் இப்படி? 1987 ஜூலை 1க்கு முன்பு இந்த மண்ணில் பிறந்த எவரும் பிறப்பால் குடிமக்கள். அதன்பின் பிறந்தவருக்குத் தாய் தந்தையரில் ஒருவர் இந்தியராக இருக்க வேண்டும். 2004 டிசம்பருக்குப் பின் பிறந்தவருக்கு அதுவும் போதாது. மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கக் கூடாது. மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு சகோதரி, தான் இந்தியர்தான் என்பதை நிலைநாட்ட மதுரை உயர் நீதிமன்றக் கிளை வரை போக வேண்டியிருந்தது. 2022இல் தீர்ப்பு வந்தது. 2024 தேர்தலில்தான் முதன்முதலாக ஓட்டுப் போட்டார். அவருக்குச் சட்டத்தில் இடம் இருந்தது, கேட்டுப் பெற்றார். 1987க்குப் பின் அதே கொட்டகையில் பிறந்தவர்கள் எந்தக் கதவைத் தட்டுவார்கள்?

2021 ஆகஸ்டில் தமிழக முதலமைச்சர் சட்டமன்றத்தில் கணக்குச் சொன்னார். 1983 முதல் தமிழகம் வந்தவர்கள் 3,04,269 பேர். அன்றைக்கு முகாம்களில் இருந்தவர்கள் 58,822 பேர். காவல் நிலையத்தில் பதிந்துவிட்டு வெளியே வாழ்ந்தவர்கள் 34,087 பேர். அகதிகள் முகாம் என்ற பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினார்கள். 7,469 வீடுகளைப் புதிதாகக் கட்டித் தருவதாக அறிவித்தார்கள். குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாய், மற்ற பெரியவர்களுக்கு 1,000, சிறுவர்களுக்கு 500 என்று உதவித்தொகையை உயர்த்தினார்கள். நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் பெயரை மாற்ற மாநிலத்துக்கு அதிகாரம் உண்டு. குடியுரிமை தர அதிகாரம் இல்லை. அந்தப் பேனா டெல்லியில் இருக்கிறது.

டெல்லியின் தராசு

அகதிகள் குறித்த சர்வதேச உடன்படிக்கை 1951இல் உருவானது. 1967இல் அதற்கு ஒரு துணை உடன்படிக்கை சேர்ந்தது. இரண்டிலும் இந்தியா கையெழுத்திடவில்லை. நம் அண்டை நாடுகளில் ஆப்கானிஸ்தான் 2005இல் சேர்ந்தது. இலங்கை, பாகிஸ்தான், வங்கதேசம் எவையும் சேரவில்லை. அந்த உடன்படிக்கையின் உயிர்நாடி ஒன்றுதான்: ஒருவனுடைய உயிருக்கோ சுதந்திரத்துக்கோ ஆபத்துள்ள இடத்துக்கு அவனைத் திருப்பி அனுப்பாதே!

சரி, வெளியார் எழுதிய உடன்படிக்கை வேண்டாம் என்றால் நாமே ஒரு சட்டம் எழுதினோமா? அதுவும் இல்லை. முன்னாள் தலைமை நீதிபதி பகவதி தலைமையிலான குழு 1997இலேயே ஒரு மாதிரிச் சட்டத்தை உருவாக்கிக் கொடுத்தது. 2015இல் சசி தரூர் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். 2022 பிப்ரவரியில் மீண்டும் ஒன்று. எதுவும் சட்டமாகவில்லை. 1946ஆம் ஆண்டு வெள்ளைக்காரன் காலத்து வெளிநாட்டவர் சட்டம்தான் அகதிக்கும் சட்டம், கள்ளக்கடத்தல்காரனுக்கும் சட்டம்! அதை நீக்கிவிட்டு 2025 செப்டம்பர் 1 முதல் புதிய 'குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம்' நடப்புக்கு வந்தது. அதிலாவது அகதி என்பவர் யார் என்று ஒரு வரையறை உண்டா? இல்லை.

சட்டம் இல்லாத இடத்தில் என்ன நடக்கும்? ஆள் பார்த்து அளப்பார்கள். 1959இல் திபெத்தியர் வந்தார்கள். நிலம் கொடுத்தோம், பள்ளிக்கூடம் கொடுத்தோம். 1971இல் கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏறத்தாழ ஒரு கோடிப் பேர் வந்தார்கள்; சோறு போட்டோம். 1983க்குப் பின் ஈழத்தமிழர் வந்தார்கள். தமிழகம் கண்ணீரோடு வரவேற்றது. 1991 மே 21இல் ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி படுகொலை செய்யப்பட்டார். அவ்வளவுதான்! அதே மக்கள் ஒரே இரவில் சந்தேகத்துக்குரியவர்கள் ஆனார்கள். கொன்றது ஒரு கும்பல். குற்றவாளிக் கூண்டில் நின்றது முகாமின் கைக்குழந்தை வரை!

இளைஞர்களே! இந்த அனுபவம் நமக்குப் புதிதா? 1998 பிப்ரவரியில் கோவையில் குண்டு வெடித்த பிறகு, தாடியும் தொப்பியும் வைத்த எவனும் வாடகைக்கு வீடு கேட்க முடியாமல் அலைந்தானே, அந்த நாட்களை உங்கள் வாப்பாமாரிடம் கேட்டுப் பாருங்கள். சிலர் செய்த குற்றத்தை ஒரு சமுதாயத்தின் முதுகில் ஏற்றினால் எப்படி வலிக்கும் என்று நமக்குத் தெரியும். தெரிந்த நாமே அவர்களைக் கண்டுகொள்ளவில்லை என்பதுதான் என் வேதனை.

கலிமாவா, ஜாதகமா?

2019 டிசம்பர் 11இல் மாநிலங்களவையில் 125க்கு 105 என்ற வாக்குகளில் குடியுரிமைத் திருத்தச் சட்டம் நிறைவேறியது. தமிழ்நாட்டின் அன்றைய ஆளுங்கட்சியான அ.தி.மு.க. ஆதரித்து வாக்களித்தது. பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வங்கதேசம் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கு வழி திறந்தது. 2024 மார்ச் 11இல் விதிகளும் வந்தன.

முஸ்லிம் என்பதால் நம்மை விட்டார்கள், அது தெரியும். ஆனால் அடி அண்ணாமலை முகாமில் இருப்பவர்களில் பெரும்பாலோர் இந்துக்களாயிற்றே! அவர்களை ஏன் விட்டார்கள்? காரணம் எளிது. அந்தச் சட்டம் துன்பப்பட்டவனைத் தேடி எழுதப்பட்டதல்ல. துன்பத்தை அளக்கும் எண்ணம் இருந்திருந்தால் 1983 ஜூலைக் கலவரம் அதன் கண்ணில் பட்டிருக்கும். மியான்மரின் 1982 குடியுரிமைச் சட்டத்தால் சொந்த மண்ணிலேயே நாடற்றவர்களான ரோஹிங்கியாக்கள் பட்டிருப்பார்கள். பாகிஸ்தானில் அடிவாங்கும் அஹ்மதியாக்களும், ஆப்கானிஸ்தானில் குண்டுவைத்துக் கொல்லப்படும் ஹஸாராக்களும் பட்டிருப்பார்கள். அவர்களுடைய கொள்கையை நாம் ஏற்கிறோமா இல்லையா என்பது வேறு பேச்சு, அடிபடுகிறவன் அடிபடுகிறவன்தான்.

2025 செப்டம்பரில் புதிய சட்டத்தோடு ஒரு விலக்கு ஆணை வந்தது. 2015 ஜனவரி 9க்குள் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்மீது ஆவணம் இல்லாததற்காக வழக்குத் தொடர மாட்டோம் என்றது. தண்டனையிலிருந்து விலக்கு, அவ்வளவே. குடியுரிமை பற்றி ஒரு வார்த்தை இல்லை. 2022இல் பொருளாதார நெருக்கடி தாங்காமல் தனுஷ்கோடிக் கரையில் வந்திறங்கிய குடும்பங்கள் அந்தத் தேதிக்கு வெளியே நிற்கின்றன. அதே ஆணையில் மூன்று நாடுகளின் ஆறு மதத்தாருக்கான தேதி மட்டும் 2024 டிசம்பர் 31 வரை நீண்டிருக்கிறது! இதற்குப் பெயர் தராசா?

இப்போது ரோஹிங்கியா விஷயத்துக்கு வருவோம். 2012 முதல் நம் கேளம்பாக்கத்திலேயே புயல் பாதுகாப்புக் கட்டடம் ஒன்றில் ஏறத்தாழ நூறு பேர் ஒதுங்கினார்கள். 2017 ஆகஸ்டில் மியான்மர் ராணுவம் ஆடிய வெறியாட்டத்தில் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடினார்கள். அதே மாதம்தான் இங்கே மத்திய உள்துறை அமைச்சகம், ரோஹிங்கியாக்களைக் கண்டறிந்து வெளியேற்றும்படி மாநிலங்களுக்கு எழுதியது. 2018 அக்டோபரில் அஸ்ஸாம் சிறையிலிருந்த ஏழு பேரை மியான்மரிடம் ஒப்படைத்தார்கள். 2025 மே மாதத்தில் டெல்லியில் பிடிக்கப்பட்ட சுமார் நாற்பது பேர் கப்பலில் ஏற்றப்பட்டு, அந்தமான் கடலில் உயிர்காப்புச் சட்டையோடு இறக்கிவிடப்பட்டார்கள் என்று குற்றச்சாட்டு எழுந்தது. ஐ.நா.வின் சிறப்பு அறிக்கையாளர் விசாரணை தொடங்கினார். உச்ச நீதிமன்றம் அதை நம்ப மறுத்தது. உண்மை எதுவாயினும், விசாரித்து நாட்டுக்குச் சொல்ல வேண்டிய கடமை அரசுக்கு இல்லையா?

'அவர்கள் நம்மை விரட்டவில்லையா?'

இதை எழுதும்போதே சில சகோதரர்கள் முணுமுணுப்பது என் காதில் விழுகிறது. 'ஹஜ்ரத், 1990 மறந்து போச்சா?'

மறக்கவில்லை. 1990 ஆகஸ்ட் 3இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் நூற்றுக்கும் மேற்பட்டோர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேரை விடுதலைப் புலிகள் விரட்டினார்கள். அக்டோபர் 30இல் யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணி நேரம். நகையைக் கழற்றினார்கள், பணத்தைப் பிடுங்கினார்கள். புத்தளத்தில் ஓலைக் கொட்டகைகளில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அதைச் செய்தவர்கள் தமிழ் பேசியவர்கள். செய்யப்பட்டவர்களும் தமிழ் பேசியவர்கள். அது மாபெரும் அநீதி. எந்த மேடையிலும் அதைச் சொல்வோம். தமிழின உணர்வு பேசும் நண்பர்கள் அதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும்.

ஆனால் சகோதரனே, ஒன்று யோசி! விரட்டியது துப்பாக்கி வைத்திருந்தவன். அடி அண்ணாமலையில் தகரத்துக்குக் கீழே இருப்பவர்கள் துப்பாக்கிக்குப் பயந்து ஓடி வந்தவர்கள். மன்னாரிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் உன் சகோதரன் புத்தளத்துக்கு ஓடினான்; அவன் பக்கத்து வீட்டுக்காரன் படகேறி ராமேஸ்வரத்துக்கு ஓடினான். ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமக்க மாட்டார் என்பது நமது மார்க்கத்தின் அடிப்படை அல்லவா? அதைக் கோவைக்குப் பிறகு உலகத்திடம் உரத்துச் சொன்னவர்கள் நாம். முகாமின் வாசலில் அதை மறந்துவிடலாமா?

மூன்று சாக்குகள்

அரசு மூன்று காரணங்கள் சொல்கிறது.

முதலாவது, பாதுகாப்பு. வருகிறவனில் தீயவன் இருப்பானாம். இருக்கலாம். அதற்காகத்தான் சட்டம் வேண்டும் என்கிறோம். சட்டம் இருந்தால் பதிவு இருக்கும், விசாரணை இருக்கும், அகதி யார் அல்லாதவன் யார் என்று பிரிக்க ஓர் அதிகாரி இருப்பார், மேல்முறையீடு இருக்கும். கொலைகாரனுக்கும் போர்க் குற்றவாளிக்கும் அடைக்கலம் இல்லையென்று 1951 உடன்படிக்கையே சொல்கிறது. சட்டம் இல்லாதபோதுதான் நல்லவன் பயந்து ஒளிகிறான். கெட்டவன் காசு கொடுத்து ஆதார் வாங்குகிறான்.

இரண்டாவது, மக்கள்தொகை. தமிழகத்தின் ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்களில் முகாமில் இருப்பவர்கள் அறுபதாயிரத்துக்கும் குறைவு. நம் ஊர் கார்த்திகை தீபத்துக்கு ஒரே நாளில் வருகிற கூட்டத்தின் முன் இது எந்த மூலைக்கு? அதுவும் இவர்கள் புதிதாக வருகிறவர்கள் அல்லர். நாற்பது ஆண்டுகளாக இங்கேயே சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, சித்தாள் வேலை பார்த்து, நம் கடையில் அரிசி வாங்கி வாழ்கிறவர்கள்.

மூன்றாவது, 'நாங்கள்தான் கையெழுத்துப் போடவில்லையே!' கையெழுத்துப் போடாதவனுக்குக் கடமை இல்லையா? நம் அரசியல் சட்டத்தின் 21ஆவது பிரிவு உயிருக்கும் சுதந்திரத்துக்குமான பாதுகாப்பைக் குடிமகனுக்கு மட்டும் தரவில்லை. எந்த மனிதனுக்கும் தருகிறது. 1996இல் அருணாசலப் பிரதேசத்தின் சக்மா மக்கள் வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைச் சொன்னது. இந்தியா 1995 முதல் ஐ.நா. அகதிகள் ஆணையத்தின் செயற்குழுவில் உறுப்பு நாடு. உலகத்துக்குப் புத்தி சொல்லும் சபையில் நாற்காலி வேண்டும், அந்தச் சபையின் விதி மட்டும் வேண்டாமா?

சர்வதேச ஒத்துழைப்பால் நாட்டின் மானம் போய்விடாது. 1992இல் முகாம் மக்களைக் கட்டாயப்படுத்திக் கப்பலேற்றுகிறார்கள் என்ற புகார் எழுந்தது. அந்த ஆண்டு ஐ.நா. அகதிகள் ஆணையம் சென்னையில் அலுவலகம் திறந்தது. திரும்புகிறவர் விரும்பித்தான் போகிறாரா என்று கேட்டறியும் ஏற்பாடு வந்தது. அதனால் இந்தியாவின் இறையாண்மை கடலில் கரைந்துவிட்டதா? சில ஏழைகளின் உயிர் காப்பாற்றப்பட்டது, அவ்வளவுதான்.

முஸ்லிம் நாடுகளும் தப்ப முடியாது

டெல்லியை மட்டும் ஏசிவிட்டுப் போனால் நாம் நீதியாளர்கள் அல்லர். சவூதி அரேபியா அந்த உடன்படிக்கையில் கையெழுத்திட்டதா? இல்லை. அமீரகம்? இல்லை. மலேசியா, இந்தோனேசியா? இல்லை! 2015 மே மாதத்தில் ரோஹிங்கியாக்கள் நிறைந்த படகுகள் அந்தமான் கடலில் தண்ணீரும் சோறும் இன்றி மிதந்தன. முஸ்லிம் நாடுகளின் கடற்படைகளே அவற்றைத் திருப்பித் தள்ளின. கடைசியில் வலையை விட்டுவிட்டு அவர்களைக் கரையேற்றியவர்கள் ஆச்சே மாகாணத்து ஏழை மீனவர்கள். அரசுகள் 'உம்மத்' என்று மாநாட்டில் பேசின. மீனவன் கயிறு வீசினான்.

ஏழை நாடான வங்கதேசம் பத்து லட்சம் பேரைச் சுமக்கிறது. பணக்கார நாடுகள் பணம் தருவதாகச் சொல்லிவிட்டுக் கையை இழுத்துக் கொள்கின்றன. காக்ஸ் பஜார் முகாம்களில் ஒருவருக்கு மாத உணவு உதவி 12 டாலராக இருந்தது. 2023இல் அதை 8 டாலராகக் குறைத்தார்கள். பிறகு உயர்த்தினார்கள். 2025 மார்ச்சில் 6 டாலராக்கப் போவதாக அறிவித்து, கூக்குரல் எழுந்ததும் 12 டாலரில் நிறுத்தினார்கள். தயவில் வாழ்கிறவனின் தட்டு இப்படித்தான் ஏறி இறங்கும். அதனால்தான் சொல்கிறோம்: தயவு போதாது, உரிமை வேண்டும்.

நஜ்ஜாஷியின் தர்பார்

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டு. மக்காவின் கொடுமை தாங்காமல் நம் முன்னோர்கள் கடல் கடந்தார்கள். எங்கே? கிறிஸ்தவ மன்னர் நஜ்ஜாஷி ஆண்ட அபிசீனியாவுக்கு. குறைஷிகள் விட்டார்களா? அம்ரு இப்னு ஆஸையும் இன்னொருவரையும் தோல் பொருட்களைக் காணிக்கையாகக் கொடுத்து அனுப்பினார்கள். 'எங்கள் ஊரிலிருந்து ஓடி வந்தவர்களைத் திருப்பித் தாருங்கள்' என்றார்கள். அரசவையினரும் அதற்கு இணங்கினார்கள். நஜ்ஜாஷி மறுத்தார். என்னிடம் அடைக்கலம் கேட்டு வந்தவர்களின் பேச்சைக் கேட்காமல் ஒப்படைக்க மாட்டேன் என்றார். ஜஃபர் (ரலி) அவர்களை அழைத்துக் கேட்டார். கேட்டபின் காணிக்கைகளைத் திருப்பிக் கொடுத்தார். அகதிகளைத் திருப்பிக் கொடுக்கவில்லை.

1951 உடன்படிக்கை சொல்வது இதைத்தானே? விசாரிக்காமல் திருப்பாதே! அந்த மன்னர் மட்டும் மதத்தைப் பார்த்து அளந்திருந்தால் நமது முன்னோர்களின் கதி என்ன? தன் மதத்தவன் அல்லாத ஒருவனின் நீதியால் பிழைத்த சமுதாயம் நாம். இணைவைப்பவரே ஆனாலும் அடைக்கலம் கேட்டால் கொடுத்து, பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கும்படி நமக்குக் கட்டளை இருக்கிறது (9:6). எனவே 'எங்களையும் அந்தப் பட்டியலில் சேருங்கள்' என்பது நம் கோரிக்கையாக இருக்கக் கூடாது. 'பட்டியலைக் கிழியுங்கள், எல்லோருக்கும் ஒரே சட்டம் எழுதுங்கள்' என்பதுதான் நம் கோரிக்கையாக இருக்க வேண்டும்.

வணிகர்களே, உங்களுக்கு ஒரு செய்தி. மக்காவிலிருந்து வெறுங்கையோடு மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களிடம், தம் சொத்தில் பாதியைத் தருவதாக ஸஅத் (ரலி) சொன்னார். அவர் வாங்கவில்லை. துஆ செய்துவிட்டு, கடைத்தெருவுக்கு வழி கேட்டார். அகதி கேட்பது பிச்சை அல்ல, கடைத்தெரு! முகாம் இளைஞனும் அதையேதான் கேட்கிறான்.

நாம் என்ன செய்கிறோம்? 'முகாம் ஆள்தானே' என்று ஐம்பதும் நூறும் கூலியைக் குறைக்கிறோம். அந்த வெள்ளையடிக்க வந்த தம்பிக்கும் நம் ஜமாஅத்தில் பேசப்பட்ட கூலி, சந்தைக் கூலியைவிடக் குறைவு என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. அல்லாஹ்வின் பள்ளிக்கு அநியாயக் கூலியில் வெள்ளை! மீதியை நிர்வாகிகளிடம் சொல்லி வாங்கிக் கொடுத்தோம். வெட்கம் மட்டும் போகவில்லை.

என்ன செய்யப் போகிறோம்?

பேச்சு போதும். நம் இயக்கத்தின் கிளைகளுக்கும் ஜமாஅத்துகளுக்கும் நான் வைக்கும் வேலைகள் இவை.

ஒன்று: இந்த மாதமே ஒவ்வொரு கிளையும் தன் பகுதி முகாமுக்குப் போக வேண்டும். கொடி வேண்டாம், போட்டோ வேண்டாம். உட்கார்ந்து அவர்கள் சொல்வதைக் கேளுங்கள்.

இரண்டு: நம் கடையில், பட்டறையில், கட்டட வேலையில் முகாம் ஆளுக்கும் ஊர் ஆளுக்கும் ஒரே கூலி.

மூன்று: மாவட்ட ஆட்சியர் வழியாக மத்திய அரசுக்கு மனு. அதில் கேட்க வேண்டியவை: மதம் பாராத தேசிய அகதிகள் சட்டம், விசாரிக்காமல் எவரையும் திருப்பி அனுப்பாத உறுதி, முகாம்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்குக் குடியுரிமை, 1951 உடன்படிக்கையில் கையெழுத்து. ரோஹிங்கியா பெயரும் ஈழத்தமிழர் பெயரும் ஒரே தாளில் இருக்க வேண்டும். இரு பக்கத்தாரும் கையெழுத்திட வேண்டும்.

நான்கு: நம் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரை நேரில் கண்டு, இதை அவையில் எழுப்பச் சொல்லுங்கள். 2021 செப்டம்பர் 8இல் குடியுரிமைத் திருத்தச் சட்டத்துக்கு எதிராகச் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. அடுத்த படி என்ன என்று ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் கேளுங்கள். முகாம் மக்களுக்கு ஓட்டு இல்லை. நம்மிடம் இருக்கிறது. அந்த ஓட்டில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக் கேளுங்கள்.

வெள்ளையடித்து முடித்துக் கிளம்பும்போது அந்தத் தம்பி சொன்னார்: "ஹஜ்ரத், நான் குறை சொல்லல. ஒருநாள் வாங்க. எங்க அம்மாவுக்கு நீங்க பேசினது பிடிச்சிருந்தது."

அடுத்த ஞாயிறு, இன்ஷா அல்லாஹ், நான் போகிறேன். நீங்கள்?

வஸ்ஸலாம்.